அம்மாக்கண்ணு கேட்ட சட்டை

இப்போது எங்கள் வீட்டில் துணி துவைக்க மிஷின் இருக்கிறது. மகன் வாங்கி வைத்தது. போட்டதையெல்லாம் விழுங்கும், முக்கால் மணி நேரம் உறுமும், நின்றுவிடும். இது யாருடைய துணி, இன்றைக்கு ஏன் இரண்டு உருப்படி குறைகிறது, இந்தக் கறை எங்கே பட்டது என்று ஒரு வார்த்தை கேட்காது. அம்மாக்கண்ணு கேட்பாள். அவள் கேட்ட ஒரு கேள்விக்குப் பயந்து நான் செய்த காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன். என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு கேட்க உட்கார்ந்தவர்கள் அந்த நினைப்பை இங்கேயே விட்டுவிடலாம்.

நடந்தது அறுபத்து மூன்றாம் வருஷம், மாசி மாதம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கடைத்தெருவில் எங்களுக்குப் பூஜைச் சாமான் கடை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் எங்கள் கடையில் நின்று கற்பூரமும் மஞ்சளும் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறும். கடைக்குப் பின்னாலேயே வீடு. வீட்டில் மாமியார், என் கணவர் வெங்கடரமணன், அவருடைய தம்பி பாலு, நான். பாலசுப்பிரமணியன் என்ற முழுப்பெயர் பள்ளிக்கூடத்து ரிஜிஸ்தரில் மட்டும்தான்.

அம்மாக்கண்ணு எங்கள் வீட்டுத் துணிகளைத் துவைப்பவள். முப்பது வயதிருக்கும். அவள் புருஷன் வீராசாமி கல் உடைக்கப் போன ஊரில் இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். "தொலஞ்சான், அவன் லுங்கி ஒண்ணு தோய்க்கிற வேல மிச்சம்" என்பாள். காலையில் பின்கட்டுக்கு வந்து மூட்டையைத் தலையில் வைத்து, இரண்டரை வயது மகள் மங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு செட்டிக்குளத்துக்கு நடப்பாள். மாசியில் எங்கள் கிணற்றில் தவளைக்கே தண்ணீர் போதாது. மத்தியானம் துணியெல்லாம் பாறைச் சூட்டில் காய்ந்து, மடிப்புக் கலையாமல் திரும்பி வரும்.

அவள் எல்லாவற்றையும் அடித்துத் துவைக்கிற ரகமில்லை. போர்வையைக் கல்லில் அறைவாள், வேட்டியைக் கும்முவாள், ரவிக்கையை மட்டும் உள்ளங்கைக்குள் வைத்துக் கசக்குவாள், கொக்கி தெறிக்கக் கூடாது என்று. காரச் சவுக்காரம் தின்று விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். ஆனால் அந்த விரல்களுக்குத் தெரியாத ரகசியம் எங்கள் வீட்டில் கிடையாது. என் கணவர் சிகரெட் பிடிக்கிறார் என்பதை என்னிடம் சொன்னதே அவள்தான். "சின்னம்மா, உன் ஊட்டுக்காரரு சொக்காப் பையில தூள் இருக்குது, கேட்டு வெய்யி" என்றாள். என் புடவையைப் பார்த்துவிட்டு, "இந்த மாசமும் குளிச்சிட்டியா? சரி வுடு, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று எனக்கு ஆறுதல் சொன்னவளும் அவள்தான். சின்னம்மா என்று கூப்பிடுவாளே தவிர நீ, வா, போ என்றுதான் பேசுவாள். எனக்கு அது பிடித்திருந்தது. அந்த வீட்டில் என்னோடு சிரித்துப் பேசிய ஒரே ஜீவன் அவள்.

மாசி பிறந்த வாரத்தில் பாலுவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் முகத்தில் கடுகு கடுகாகக் கிளம்பிற்று. மாமியார் அவன் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியம்மை.

வீட்டில் அம்மை போட்டால் என்னென்ன செய்ய வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். வாசலில் வேப்பிலை செருக வேண்டும். தாளிக்கக் கூடாது. பிச்சை போடக் கூடாது. முக்கியமாக, தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் அழுக்குத் துணி வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. துணியைக் கல்லில் அடித்தால் அந்த அடி உள்ளே படுத்திருக்கிற பிள்ளைமேல் விழும் என்பார்கள். ஆனால் அந்த வருஷம் சர்க்காரில் வீடு வீடாக விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மை கண்டவர்களை ஊருக்கு வெளியே கொட்டகையில் கொண்டுபோய்ப் போடுவதாகப் பேச்சு. போனவர்கள் திரும்பி வருவதில்லை என்று அதற்கு வால் வேறு. மாமியார் அதைக் கேட்டு நடுங்கிப்போயிருந்தார்.

"எம் புள்ளைய எவனும் தூக்கினு போவக்கூடாது. வாசல்ல வேப்பல வேணாம். நீ பாட்டுக்குத் தாளி. துணி பாட்டுக்குத் துணி போவட்டும்" என்றார் என்னிடம்.

"அத்தே, துணி போவக்கூடாதுன்னு..."

"போவலன்னா நாளைக்கே தெருவு பூரா தெரிஞ்சிடும்டி! ஒரு நாள் மூட்ட நின்னா அந்த அம்மாக்கண்ணு இன்னான்னு கேப்பா. அவ வாயி சும்மா இருக்குமா?"

ஆக, பாலுவின் துணிகள் உள்ளறையில் ஒரு கோணிக்குள் கிடந்தன. மற்றவர்கள் துணி மட்டும் தினமும் வெளியே போயிற்று. சமையலறையில் கடுகு வெடிக்கும்போதெல்லாம் அவசரமாகத் தட்டை எடுத்து மூடுவேன். அங்காளம்மாவை ஏமாற்றுகிறோம் என்ற பயம் ஒரு பக்கம், தெருவை ஏமாற்றுகிறோம் என்ற பயம் இன்னொரு பக்கம். பத்து நாள் இப்படி ஓடிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை அம்மாக்கண்ணு மூட்டையைப் பிரித்துப் புரட்டிப் பார்த்தாள். மங்கை பக்கத்தில் உட்கார்ந்து மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது.

"சின்னம்மா, பாலு தம்பி சொக்கா எங்க? பத்து நாளா ஒண்ணுகூடக் காணமே."

"அவன்... அவனுக்குச் சளி. வெளிய எங்கயும் போறதில்ல" என்றேன்.

"சளி புடிச்சவன் சொக்கா போடமாட்டானா? சளி புடிச்சாத்தான் ரெண்டு சொக்கா கூட அழுக்காவும்" என்று சிரித்தாள். வேடிக்கையாகத்தான் கேட்டாள். அவள் போனதும் மாமியாரிடம் ஓடினேன்.

"பொட்டியில அவன் நல்ல சொக்கா நாலு இருக்குது. அதுல ரெண்ட எடுத்துக் கசக்கி, கொஞ்சம் புழுதியில பொரட்டி நாளைக்கு வெச்சி வுடு" என்றார். பெட்டியில் இருக்கிற சட்டை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னது அவ்வளவுதான்.

புதன்கிழமை காலையில் நான் பெட்டியைத் திறந்தேன். இஸ்திரி மடிப்போடு, பாச்சை உருண்டை வாசனையோடு சட்டைகள் இருந்தன. கசக்கிப் பார்த்தேன். புழுதியில் புரட்டினேன். முகர்ந்தும் பார்த்தேன். வேர்வை வாசனையே இல்லை. என் கணவருடைய சிகரெட்டையே கண்டுபிடித்தவள், யாரும் போடாத சட்டையைக் கண்டுபிடிக்க மாட்டாளா? பின்கட்டில் அவள் செருமுகிற சத்தம் கேட்டது. உள்ளறைக்குப் போனேன். அம்மை கண்ட பிறகு பாலு போட்டிருந்த சட்டை ஒன்று கோணிக்குள் போகாமல் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்தேன். கழுத்துப்பட்டையில் கடுகளவுக்கு மஞ்சளாக ஒரு கறை காய்ந்திருந்தது. தெரியாமல் நடந்தது என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் கறையைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் மூட்டையின் நடுவில் செருகினேன்.

அம்மாக்கண்ணு மூட்டையைப் பிரித்தாள். சட்டையை எடுத்து உதறினாள். "ஆங், இது அவன் அழுக்குதான்" என்று திருப்தியாகச் சொல்லி முடிச்சைப் போட்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் வியாழக்கிழமை, சாயங்காலம். கடையில் என் கணவரோடு யாரோ பேசிக்கொண்டிருந்தார். நான் நடுக்கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். வந்தவர் அம்மை குத்துகிற தாண்டவராயன். ஊர் ஊராகப் போகிறவர். "இந்த வீட்ல யாருக்காவது இருக்குதா?" என்று கேட்டார். "இல்லவே இல்லீங்க" என்றார் என் கணவர், கற்பூரக் கட்டிகளை அடுக்கிக்கொண்டே. இதற்கு முன் என் வீட்டுக்காரர் இவ்வளவு அழகாகப் பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

தாண்டவராயன் பொறுமையாகச் சொன்னார். "மறைக்காதீங்க. அம்மை கண்டவங்கள தொட்டிருந்தாலும், அவங்க துணிமணியத் தொட்டிருந்தாலும் மூணு நாலு நாளுக்குள்ள குத்திக்கிட்டா தப்பிச்சுக்கலாம். அதத் தாண்டிட்டா என் கையில இல்ல. நாளைக்குத் தளவானூர் போறேன். சனிக்கிழம பகல் பூரா இங்க பஸ் ஸ்டாண்டாண்ட இருப்பேன். அன்னிக்கு சாயங்காலம் பஸ் ஏறிடுவேன்."

துணிமணி என்ற வார்த்தை என் காதுக்குள் உட்கார்ந்துகொண்டது. விரல் விட்டு எண்ணினேன். புதன், வியாழன், வெள்ளி, சனி. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சின்ன வயசிலேயே குத்தியாயிற்று. பாலு மட்டும்தான் குத்த வந்த அன்று பள்ளிக்கூடத்துச் சுவரேறிக் குதித்து ஓடியவன். ஆனால் மங்கை? குளத்துக் கரையில் அம்மாக்கண்ணு துவைத்து முடிக்கிற வரைக்கும் அது அழுக்கு மூட்டைமேல்தான் படுத்துத் தூங்கும். அதன் கை வழவழவென்று இருக்கும், தழும்பு ஒன்று கிடையாது. போன வருஷம் அம்மை குத்துகிறவர்கள் வந்தபோது குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலைப் பாறைக்குள் போய் ஒளிந்துகொண்டதை அவளே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் துணி போடும் வழக்கம் இல்லை. அவள் வரவில்லை. அன்றைக்குப் பூராவும் நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தேன். பொறுக்கிய அரிசியையே மறுபடி பொறுக்கினேன். சொன்னால் மாமியார் என்னைத் திண்டிவனத்துக்கு அனுப்பிவிடுவார். பாலுவைக் கொட்டகைக்குத் தூக்கிப் போவார்கள். சொல்லாவிட்டால் அந்தக் குழந்தை. தாயே, அங்காளம்மா, அவளுக்கே எப்படியாவது தெரிய வை என்று வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டுதல் பாருங்கள். சாமியை விட்டுச் சொல்லச் சொல்கிறேன், எனக்கு வாயில்லாத மாதிரி.

சனிக்கிழமை காலையில் அவள் வந்தாள். மாமியார் பின்கட்டிலேயே நின்றுகொண்டார். அவள் மூட்டையோடு, மங்கையோடு போய்விட்டாள். வெயில் ஏறியது. கடைசியில் என் தோட்டின் திருகாணியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு மாமியாரிடம் போனேன்.

"அத்தே, தோட்டுத் திருகாணியக் காணல. துணியோட போயிடுச்சு போல."

"அடிப்பாவி, தங்கம்டி! ஓடு, ஓடு. அவ தண்ணியில உதறிடப் போறா!"

ஓடினேன். கடைத்தெரு வழியாக மருமகள் ஓடுகிறாள் என்று நாலு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று ஓடினேன். செட்டிக்குளத்துக் கரையில் அவள் போர்வையைக் கல்லில் அறைந்துகொண்டிருந்தாள். மங்கை மூட்டைமேல் கவிழ்ந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. கன்னம் துணியில் அழுந்தியிருந்தது.

"இன்னா சின்னம்மா, இப்பிடி எரைக்குது உனக்கு?"

அவளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போய்ச் சொன்னேன். பாலுவுக்கு அம்மா போட்டிருக்கிறது. அவன் சட்டை ஒன்று புதன்கிழமை உன் மூட்டையில் வந்துவிட்டது. இன்றைக்குள் குழந்தைக்குக் குத்தினால் தப்பிக்கலாம். வந்துவிட்டது என்றுதான் சொன்னேன், சட்டை தானே நடந்து வந்தது போல.

அவள் என்னை ஏசவில்லை. திரும்பி ஓடிக் குழந்தையை வாரி எடுத்தாள். அதன் துணியை உருவி எறிந்தாள். முதுகு, வயிறு, அக்குள், காதுக்குப் பின்னால் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தூக்கம் கலைந்து குழந்தை வீறிட்டது. "அன்னிக்கு அந்த மூட்டமேலதான கெடந்தா... எம்மா, அந்த மூட்டமேலதான கெடந்தா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கையில சக்கரம் மாரி ஒண்ண வெச்சித் திருகுவாங்களாமே. குத்திக்கினா அம்மா கோவிச்சிக்க மாட்டாளா?" என்றாள்.

"கோவிச்சா என்மேல கோவிக்கட்டும். நீ போ. சாயங்காலம் அவரு பஸ் ஏறிடுவாரு."

அவள் துணியைப் பக்கத்துக் கல்லில் துவைப்பவளிடம் விட்டுவிட்டுக் குழந்தையைத் தோளில் போட்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன். "நீயும் குத்திக்கோ அம்மாக்கண்ணு."

"நானா? குத்தினா கை வீங்கி ஒரு வாரம் தூக்க முடியாதாமே. அப்புறம் எப்பிடித் தோய்க்கிறது? நாலு ஊட்டுத் துணி. ஒரு வாரம் நின்னா வேற ஆள வெச்சிக்குவாங்க. நமக்கெல்லாம் ஒண்ணும் ஆவாது, இது காஞ்ச கட்ட."

நான் அவளை வற்புறுத்தியிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். செய்யவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம் அவள் வராவிட்டால் எங்கள் துணி நின்றுவிடும். துணி நின்றால் தெருவுக்குத் தெரிந்துவிடும். அந்த நேரத்திலும் எனக்கு அந்தக் கணக்கு ஓடிற்று. "யார்கிட்டயும் சொல்லிடாத" என்றுகூடக் கெஞ்சினேன். "உன் பேரு வெளிய வராது, போ" என்று சொல்லிவிட்டு அவள் மேல்மலையனூர்க் கூட்டத்துக்குள் புகுந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

மங்கைக்குக் குத்தியாயிற்று. நாலைந்து நாளில் கை சிவந்து வீங்கியது. காய்ச்சலும் வந்தது. அப்படி வீங்கினால் குத்திய பால் எடுத்துக்கொண்டது என்று அர்த்தம், பிறகு பயமில்லை என்று தாண்டவராயன் குத்தும்போதே அவளிடம் சொல்லியிருந்தார். ஆனாலும் தினமும் காலையில் குழந்தையை இழுத்து வைத்து முகத்தைப் பார்ப்பேன். ஒரு கொசுக்கடி இருந்தால்கூட எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. நாள் ஆக ஆக அது சிரித்தது, ஓடியது, என் புடவையை இழுத்தது. குழந்தை தப்பித்தது.

சட்டை போன பன்னிரண்டாம் நாள் அம்மாக்கண்ணு மூட்டையைத் தூக்கும்போது நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "தல விண்ணு விண்ணுன்னு தெறிக்குது சின்னம்மா." மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் பால்காரி சொன்னாள், அம்மாக்கண்ணு குடிசையில் வேப்பிலை கட்டியிருக்கிறார்கள் என்று. குழந்தையைப் பக்கத்துக் குடிசைக்காரி வைத்துக்கொண்டிருந்தாளாம்.

பாலுவுக்கு அதற்குள் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. அவன் வாசலுக்கு வர ஆரம்பித்திருந்தான். முகத்தில் வடு, அவ்வளவுதான். துணிகளை நானே துவைத்தேன். இரண்டாம் நாளே விரல் இடுக்கில் வெடித்து எரிந்தது. எரியட்டும் என்று இன்னும் சவுக்காரத்தை அள்ளித் தேய்த்தேன். அது மட்டும்தான் நான் செய்தது. அவள் குடிசைப் பக்கம் போகவில்லை. ஓர் இளநீர் வாங்கி அனுப்பவில்லை. ஏன் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். அவள் செத்துப்போனால் என்ற நினைப்பு வரும்போதெல்லாம், செத்தால் கேட்க ஆளில்லை என்ற நினைப்பும் கூடவே வந்தது. அந்த நினைப்பு வந்த நாளிலிருந்து எனக்கு என்னைக் கண்டாலே பயம்.

சித்திரை முடிகிற சமயத்தில் ஒரு காலை பின்கட்டில் செருமல் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். முதலில் யாரோ என்று நினைத்தேன். முகம் முழுக்கக் குழி. இடது கண் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தது. மங்கை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. கொழுகொழுவென்று இருந்தது.

"பயப்படாத சின்னம்மா, நான்தான்" என்றாள். "ஒரு கண்ணு போச்சு. இன்னொண்ணு இருக்குது. அழுக்கப் பாக்க ஒண்ணு போதும்."

அவள் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "படுத்துக் கெடந்தப்போ இதே யோசனதான். அந்தச் சொக்கா தானா வந்திருக்காது. பத்து நாளு பத்திரமா ஒளிச்சி வெச்சவங்க, நான் கேட்ட மறுநாளே வெச்சிருக்காங்க. உண்மையச் சொல்லு. யாரு வெச்சது?"

சொல்லிவிடு என்று மனசு சொன்னது. அந்த ஒற்றைக் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அத்ததான்" என்றேன்.

உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். மாமியார் சமையற்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பெட்டியில் இருப்பதை எடு என்று சொன்ன மனுஷி. என்னைப் பார்த்தார். அம்மாக்கண்ணுவின் முகத்தைப் பார்த்தார். திரும்பி உள்ளே போய்விட்டார்.

"அதான பாத்தேன்" என்றாள் அம்மாக்கண்ணு. "நீ செய்யமாட்டேன்னு எனக்குத் தெரியும். நீ ஓடியாந்து சொல்லலன்னா என் கொழந்த இன்னிக்கு இல்ல. செத்தாலும் மறக்கமாட்டேன்." மங்கையின் கையைச் சேலையிலிருந்து விடுவித்து என் பக்கம் நகர்த்தினாள். "இனிமே இவள அழுக்குத் துணிகிட்ட வெக்க மாட்டேன் சின்னம்மா. நான் தோய்ச்சிட்டு வர்ற வரைக்கும் உன்கிட்டதான் வுட்டுட்டுப் போவேன். இந்த ஊர்லயே உன்ன ஒருத்தியத்தான் நம்பறேன்."

குழந்தை கொஞ்சமும் தயங்காமல் என்னிடம் வந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றது. எனக்குத்தான் அதைத் தொடப் பயமாக இருந்தது.